முதலில் படகு, பிறகு படுக்கை

கேள்வி: திருநெல்வேலியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வரும் மே மாதம் எழுபது வயது நிறைகிறது. திருச்செந்தூர்க் கடலைத் தவிர வேறு கடலை அவர் பார்த்ததில்லை. அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள் ஆகியோரை அழைத்துக்கொண்டு மே கடைசி வாரத்தில் நான்கு இரவு மாலத்தீவு போய் வர நினைக்கிறேன். பயண முகவர் ஒருவர் தந்த தாளில் இப்படி இருக்கிறது: ரிசார்ட்டில் குடும்ப வில்லா, காலை உணவுடன் இரவுக்கு 350++ டாலர், கடல் விமானம் போக வரப் பெரியவருக்கு 480 டாலர், குழந்தைக்கு 300 டாலர், பெங்களூரு வழியாகச் செல்லும் விமானம் மாலை 5.10-க்கு மாலேயில் இறங்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம். தினமும் பூஜை செய்யும் வெள்ளிப் பிள்ளையாரையும் எடுத்து வருவேன் என்கிறார். இந்த பேக்கேஜை எடுக்கலாமா? மழை பெய்து எல்லாம் வீணாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாளில் நான் முதலில் வட்டமிட்டது மாலை 5.10 என்ற நேரத்தை. மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அவை இறங்குவது விளக்கு போட்ட ஓடுதளத்தில் அல்ல, திறந்த கடல் நீரில். விமானி கண்ணால் நீரைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மே மாதத்தில் அங்கே ஆறு மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். நீங்கள் 5.10-க்குத் தரையிறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள் அன்றைய கடைசிக் கடல் விமானம் போயே போயிருக்கும். அன்று இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் அறை எடுத்துத் தங்கத்தான் வழி. அந்த அறைக்குத் தனிப் பணம். ரிசார்ட்டில் உங்களுக்காகக் காலியாகக் கிடக்கும் வில்லாவுக்கும் அன்றைய வாடகை போய்விடும். நான்கு இரவு என்று எழுதியிருப்பது, உண்மையில் மூன்று இரவு.

அடுத்தது 350-க்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள். அவற்றைப் பார்த்தால் அச்சுப்பிழை போல இருக்கும். பர்ஸைக் காலி செய்வது அவைதான். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம். இன்னொன்று சுற்றுலாப் பொருள் சேவை வரி. 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல்தான் வரி போடுவார்கள். பேப்பரையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இரவு வாடகை 1400 டாலர். சேவைக் கட்டணம் சேர்ந்தால் 1540. வரி சேர்ந்தால் ஏறத்தாழ 1802. இதன் பிறகு பசுமை வரி வரும்; ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே விலக்கு என்பதால் உங்கள் மகளும் கணக்கில் வருவாள். நான்கு பேர், நான்கு நாள்: 192 டாலர். கடல் விமானத்துக்கு மூன்று பெரியவரும் ஒரு குழந்தையுமாக 1740. ஆக மொத்தம் 3734 டாலர்.

1400 என்று தொடங்கிய கணக்கு 3734-இல் வந்து நிற்கிறது. மதிய உணவு, இரவு உணவு, ஹுல்ஹுமாலே அறை எதுவும் இதில் இல்லை. உங்கள் முகவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாமே தாளில் இருக்கிறது. கூட்டிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் நான் அடிபட்டுக் கற்ற பாடம் ஒன்று உண்டு. மாலத்தீவுக்கு முதலில் படகைப் பார்க்க வேண்டும், பிறகுதான் படுக்கையை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அறையைப் பிடித்துவிட்டால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ் தவறினால் வேன் இருக்கும். இங்கே 1192 தீவுகள், வடக்கே இருந்து தெற்கே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. மொத்த நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. (முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று சொல்வது இவற்றைத்தான் என்பார்கள். எண்ணிக்கையை ஏற்றிச் சொல்லும் பழக்கம் சுற்றுலா விளம்பரத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.) நாடு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரை எந்த நேரத்தில், எதில் ஏறி, எவ்வளவு கொடுத்துக் கடக்கிறோம் என்பதுதான் பயணத்தின் முக்கால்வாசி. அறைப் படங்களைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் எல்லாரும் படகுத்துறையில்தான் தடுமாறுகிறார்கள்.

நானே தடுமாறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு இளம் தம்பதிகளை அரசுப் பயணிகள் படகில் போகும்படி அனுப்பினேன். கட்டணம் மலிவு என்று எனக்கு ஒரே பெருமை. அவர்கள் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படகு ஓடாது. மாலே படகுத்துறையிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்பின் குரல் இன்றும் காதில் இருக்கிறது.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்?

உங்கள் அம்மா தண்ணீர்மேல் கட்டிய வில்லாவைக் கேட்கவில்லை, கடலைக் கேட்கிறார். திருச்செந்தூரில் அலைக்கு அஞ்சிக் கரையோரமாக நின்று காலை நனைத்தவருக்கு, இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்திருக்க முடிவதுதான் புதுமையாக இருக்கும். மாலத்தீவு அதைத் தாராளமாகத் தரும். பவளப்பாறை வளையம் வெளியே நின்று அலையை உடைத்துவிடும். உள்ளே காயல் போலத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த வளையத் தீவுக்கூட்டத்தைக் குறிக்க உலகமே வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே இவர்களுடைய திவேஹி மொழி தந்ததுதான். இதைப் பார்க்க 3700 டாலர் வேண்டியதில்லை.

1972-இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து பல ஆண்டுகள், வெளிநாட்டவர் தனித்தீவு ரிசார்ட்டில் தங்க வேண்டும், ஊர்மக்கள் அவர்கள் தீவில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் இருந்தது. 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கிடைத்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு மாலத்தீவின் கதவு திறந்தது அப்போதுதான். உங்களை நான் மாஃபுஷிக்குப் போகச் சொல்வேன். மாலேக்குத் தெற்கே சுமார் 27 கிலோமீட்டர். விமான நிலையத்துப் படகுத்துறையிலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருட்டிய பிறகும் படகு உண்டு. தீவு ஒன்றே கால் கிலோமீட்டர் நீளம்தான். அம்மா நடக்க வேண்டிய தூரம் எதுவுமே பெரிதில்லை.

மாஃபுஷியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அமைதி தேடிப் போகும் தீவு அல்ல அது. விடுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, நாட்டின் பெரிய சிறைச்சாலையும் அங்கேதான் இருக்கிறது, படங்களில் வருவது போன்ற வெறிச்சோடிய வெண்மணல் அங்கே கிடைக்காது. தேனிலவுத் தம்பதி கேட்டிருந்தால் வேறு தீவைச் சொல்லியிருப்பேன். ஆனால் முழங்கால் வலிக்கும் அம்மாவுக்கும், பசித்தால் பொறுக்காத ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் கடையும் மருந்தகமும் நாலு உணவகங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். தொட்டூ என்ற தீவில் தர்பூசணியும் பப்பாளியும் தோட்டம் தோட்டமாக விளையும். உங்கள் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போகும். ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்த கடலில் போக வேண்டும். மே மாதத்தில் அது வேண்டாம்.

என் மதிப்பீடு இது: இரண்டு அறை, இரவுக்கு 75 டாலர் வீதம் நான்கு இரவு 600, சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்து 772, ஐம்பது அறைக்கு மேற்படாத விடுதிகளில் பசுமை வரி ஆளுக்கு 6 டாலர்தான் என்பதால் 96. ஸ்பீட்போட் ஆளுக்கு ஒரு வழிக்கு 25 டாலர் என்று வைத்தால் போக வர 200. ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் பகல் விருந்தாளிகளாகப் போய் வாருங்கள். காலையில் படகு அழைத்துப்போகும், மதிய உணவும் நீச்சல்குளமும் கடற்கரையும் சேர்த்து ஆளுக்கு நூறு டாலர் அளவில் ஆகும். அம்மாவின் பிறந்தநாளை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூட்டினாலும் 1500 டாலருக்குள், அதற்கு மேல் சாப்பாட்டுச் செலவு.

பெங்களூரு எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம். அங்கிருந்து மாலேக்கு நேரடி விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். எந்தக் கிழமைகளில் ஓடுகிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அதைப் பார்த்து உங்கள் தேதியை ஒரு நாள் முன்பின் நகர்த்துவது நல்லது. மாலத்தீவின் புறப்பாட்டு வரி டிக்கெட்டிலேயே சேர்ந்து வரும். திரும்பும் டிக்கெட் விலை ஏன் இவ்வளவு என்று திகைக்க வேண்டாம்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுடைய மீனவர்களிடம் ஒரு பழைய நாட்காட்டி இருக்கிறது. ஆண்டை இருபத்தேழு 'நகை'களாக, அதாவது நட்சத்திரக் காலங்களாக, பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பதிமூன்று பதினான்கு நாள். பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோணு, மியஹெலியா. நம் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம்தான். பஞ்சாங்கம் பார்க்கும் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார். நாம் கத்திரி வெயில் என்று வீட்டுக்குள் முடங்கும் நாள்களில் அவர்கள் கெத்தி என்று சொல்லி மழைமேகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் போகும் மே கடைசி வாரம் ரோணு. தென்மேற்குப் பருவக்காற்று கால் ஊன்றிவிட்ட நேரம்.

அதற்காக நான்கு நாளும் அடைமழை என்று பொருள் இல்லை. ஒரு மணி நேரம் கொட்டி, பிறகு வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளும் உண்டு. முழு நாளும் மூட்டமாகவே இருக்கும் நாளும் உண்டு. எனக்குக் கவலை மழை அல்ல, காற்றுதான். காற்று எழுந்தால் கடல் எழும். ஸ்பீட்போட் அலைமேல் தூக்கித் தூக்கிப் போடும். கடல் மிக மோசமானால் படகையே நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் கிட்டத்தில் உள்ள தீவு, குறுகிய கடல் பயணம் என்று வற்புறுத்துகிறேன். திரும்பும் நாளிலும் விமான நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் கடைசிப் படகை நம்பாமல், அதற்கு முந்தைய படகிலேயே கிளம்பிவிடுங்கள். மகளின் தேர்வு ஏப்ரல் நடுவில் முடிந்துவிடுமானால், ஏப்ரல் கடைசி வாரம் இன்னும் நல்லது. பிறந்தநாளை நாலு வாரம் முன்கூட்டிக் கொண்டாடினால் அம்மா கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பிப்ரவரி, மார்ச்தான் கடல் கண்ணாடி போல இருக்கும் மாதங்கள்; பள்ளிக்கூடம் விடாது.

இனி பிள்ளையார். இதை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று, பலர் எழுதாமல் போய் விமான நிலையத்தில் கண் கலங்குகிறார்கள். மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. எவ்வளவு சிறிதானாலும், வெள்ளியானாலும், வீட்டுப் பூஜைக்கானாலும் இதுதான் விதி. மதுபானம், பன்றி இறைச்சி ஆகியவற்றுக்கும் தடை. விமான நிலையத்துக் கடையில் வாங்கிய மது பாட்டிலாக இருந்தாலும் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போதுதான் தருவார்கள். ரிசார்ட்டுகளில் மது விற்கலாம், மக்கள் வாழும் தீவுகளில் கூடாது. அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். பெட்டி கட்டும் இரவில் சொன்னால் பயணமே வேண்டாம் என்பார். பிள்ளையார் நான்கு நாள் வீட்டில் இருக்கட்டும், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து விளக்கேற்றச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த அகவலை எந்தச் சுங்கமும் தடுக்காது.

சாப்பாட்டில் ஒரு வலை இருக்கிறது. நம் தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று இடித்துப் போடுகிறோமே, அதன் தாயகமே இந்தத் தீவுகள்தான். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைப்பார்கள். அது அவர்கள் சமையலில் நமக்குப் பெருங்காயம் போல எதிலும் இருக்கும். காலை உணவான 'மஸ் ஹுனி' என்பது தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்த சூரை மீன். பார்வைக்குத் தேங்காய்ப் பொரியல் போலவே இருக்கும், உங்கள் அம்மா ஏமாந்துவிடுவார். காய்கறிக் குழம்பு என்று வருவதிலும் மாசி கிடக்கலாம். 'மஸ்' என்றால் மீன். அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு, கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். சமையல்கட்டில் நம்மவரோ இலங்கைக்காரரோ வங்கதேசத்தவரோ இருப்பது சகஜம். பேச்சு சுலபமாக முடியும். 'ரோஷி' என்பது நம் சப்பாத்தி; அதோடு பருப்பு செய்து தருவார்கள். மாஃபுஷியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் கடைகளும் உண்டு. இருந்தாலும் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கொஞ்சம் அவல் பெட்டியில் இருக்கட்டும்.

ஆவணங்கள் எளியவை. இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம். சுற்றுலாவாக 90 நாள் வரை தங்கலாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசுத் தளத்தில் நால்வருக்கும் பயண விவரம் பதிய வேண்டும். அது இலவசம். அதே போலத் தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன; பணம் என்று கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள். அம்மாவின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரைகளில் சில அங்கே போதைப்பொருள் கட்டுப்பாட்டில் வருகின்றன, மருத்துவரிடமே கேட்டு வேறு மாற்றிக்கொள்வது உத்தமம்.

உடையைப் பற்றி உங்கள் குடும்பத்துக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊர்த் தீவுகளில் நீச்சல் உடைக்கென்று 'பிகினி பீச்' ஒன்றைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் சுடிதார், சேலை என்று சாதாரணமாக இருக்கலாம். ஊர்ப் பெண்களே முழு உடையோடுதான் கடலில் இறங்குவார்கள் என்பதால் அம்மாவுக்குக் கூச்சம் இருக்காது. மகளிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: பவளத்துண்டு, கரை மணல் எதையும் பெட்டிக்குள் போடக்கூடாது. குற்றம். அவளுக்கு மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள். காயலுக்குள் தண்ணீர் அசையாதது போல இருந்தாலும் பாறை வளையத்தில் வாய் திறந்திருக்கும் இடங்களில் நீரோட்டம் இழுக்கும்.

படகில் ஏறும்போது அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். காட்சி அங்கேதான் நன்றாக இருக்கும், அடியும் அங்கேதான் விழும். பின்வரிசையில், நடுவில் உட்காரட்டும். ஏறும் இடத்தில் படகு மேலே எழும் கணத்தில் கால் வைக்க வேண்டும். படகுக்காரப் பையன்கள் கை பிடித்துத் தூக்கிவிடுவார்கள், கூச்சப்படாமல் கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகள் வெளிச்சத்தை நீட்டிக்கத் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். பகல் விருந்துக்குப் போகும் நாளில், திரும்பும் படகு எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன், திருவனந்தபுரத்திலிருந்து கிடைக்கும் தேதியையும் தரையிறங்கும் நேரத்தையும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்று வெள்ளிக்கிழமையா, மாஃபுஷிக்குப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்கிறேன். அறையை அதற்குப் பிறகு பிடிக்கலாம்.